பிழைத்த பிள்ளைகளை மறக்கலாமா?

குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னினால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற விழிப்புணர்வு மெல்லப் பரவிவருகிறது. அது விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் இந்த நோயிலிருந்து, வளர்ந்த நாடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். காலத்தோடு சிகிச்சைக்கு வரும் நம் குழந்தைகளும் பிழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருபது, முப்பது வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பது யார்? நம் சுகாதாரத் திட்டங்களின் அக்கறை பெரும்பாலும் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. இது மாற வேண்டும்.

இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஆர்பி1 என்ற மரபணுவின் பழுது கண்ணில் மட்டுமல்ல, உடல் முழுதும் இருக்கிறது. இரு கண்களிலும் கட்டி வந்தவர்கள் எல்லோரும் இந்த வகையினரே. கண் நோய் குணமான பிறகும் எலும்பு, தசை, தோல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து இவர்களுக்குத் தொடர்கிறது. அமெரிக்காவில் 1,601 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வின்படி, நோய் கண்டறியப்பட்ட 50 ஆண்டுகளுக்குள் மரபுவழிப் பழுது உள்ளவர்களில் 36 விழுக்காட்டினருக்கு வேறொரு புற்றுநோய் வந்தது. மற்றவர்களுக்கு அது 5.7 விழுக்காடுதான். கதிர்வீச்சுச் சிகிச்சை இந்த ஆபத்தை மேலும் கூட்டியது. இன்று அந்தச் சிகிச்சை வெகுவாகக் குறைந்துவிட்டாலும், மரபணுப் பழுது அப்படியேதான் இருக்கிறது.

இதை அறியாத குடும்பம், பதினைந்து வயதுப் பையனின் முழங்கால் வலியை 'வளர்கிற வயசு' என்று சொல்லித் தைலம் தேய்த்துவிடும். அறிந்த குடும்பம் அன்றே மருத்துவரிடம் ஓடும். அந்தச் சில மாத வேறுபாடு ஓர் உயிரின் விலையாகலாம்.

மற்ற சுமைகளும் உண்டு. கார்போபிளாட்டின் மருந்து சிலரின் செவித்திறனைக் குறைக்கிறது. முகம் வளர வளரச் செயற்கைக் கண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு கண்ணை முழுதும் இழந்து மறு கண் நன்றாக இருப்பவரின் குறைபாடு 30 விழுக்காடு என்றே கணக்கிடப்படுகிறது. இடஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும் என்பதால் அவை அவருக்குக் கிட்டுவதில்லை.

'நோய் முற்றிய பிறகே வரும் குழந்தைகள் இன்னும் ஏராளம். முதலில் அவர்களைக் காப்பாற்றுவோம்' என்று சிலர் சொல்லலாம். நியாயமான கவலைதான். ஆனால் தொடர் கண்காணிப்புக்குக் கோடிகள் தேவையில்லை. விவரமறிந்த ஒரு மருத்துவர் ஆண்டுக்கொரு முறை உடலைப் பரிசோதிப்பதும், புதிய வலியையும் வீக்கத்தையும் உடனே கவனிப்பதுமே இதன் அடிப்படை. 'உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்கள்' என்ற வாதமும் ஏற்கத்தக்கதல்ல. இந்தப் பழுது உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்ல 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே தெரிந்தால், பிறந்த நாள் முதலே குழந்தையைப் பரிசோதித்து, கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்ணைக் காப்பாற்றலாம்.

எனவே தமிழ்நாடு அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். சிகிச்சை முடித்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தைக்கும், பெற்ற மருந்துகள், கதிர்வீச்சு, மரபணு முடிவு, எதிர்கால எச்சரிக்கைகள் அனைத்தும் தமிழில் எழுதப்பட்ட அட்டை தரப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆர்பி1 பரிசோதனையும் மரபணு ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். குழந்தைகள் பிரிவைத் தாண்டி வளர்ந்தவர்களுக்கு, மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையிலாவது வாழ்நாள் கண்காணிப்புப் பிரிவு தொடங்கப்பட வேண்டும்.

இரண்டு வயதில் பெற்ற சிகிச்சை அந்தக் குழந்தைக்கு நினைவிருக்காது. அதை நினைவில் வைத்திருக்கும் கடமை மருத்துவமனைக்கும் அரசுக்கும் உரியது.