விளையாட்டிலும் புராணமா?

காட்சிசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, கைப்பேசியில் பிரௌசரைத் திறந்த மாத்திரத்தில் ஆடத்தக்க விளையாட்டுகளைச் செய்து வைக்கவேண்டும் என்கின்ற யோசனையில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உடைந்த பானையோட்டைப் பார்த்துக் கொட்டாவி விடுகின்ற பிள்ளையை, அதைப்பற்றி யோசிக்க வைக்க விளையாட்டால் முடியும். ஆனால் எப்பேர்ப்பட்ட விளையாட்டு என்பதே நமது கேள்வி.

சாதாரணமாக என்ன செய்கின்றார்கள்? ஒரு ராஜா, அவன் கையில் ஒரு வாள், கீழே நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் பத்து மார்க்கும் கைதட்டலும். தப்பானதைத் தொட்டால் சிவப்புக்கோடு. ஏன் சரி, எதைக்கொண்டு கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. "பெரியவர்கள் சொன்னார்கள், நம்பு" என்கின்ற புராணப் பிரசங்கிக்கும், "பெட்டி சொல்லுகின்றது, நம்பு" என்கின்ற இந்த விளையாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சிவகங்கை ஜில்லாவில் 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட கீழடிக் காட்சிசாலையையே எடுத்துக்கொள்ளுவோம். கீழடியின் பழமை கி.மு. 6-ம் நூற்றாண்டுவரை செல்லுகின்றது என்று 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது, எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டதல்ல. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, அதிலுள்ள கார்பனை அளந்ததில் கி.மு. 580 என்று வந்த கணக்கு அது.

அந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டுமே! மண் அடுக்கை விரலால் நீக்கட்டும். மேலே கிடப்பது புதியது, கீழே கிடப்பது பழையது என்று தானே அடுக்கட்டும். எலி வளை தோண்டி மண்ணைப் புரட்டியிருந்தால் என்ன ஆகும் என்று சந்தேகப்படட்டும். அங்கே கிடைத்த வட்டச் சில்லு உண்மையில் விளையாட்டுச் சில்லுதானா என்று கேட்கட்டும். அத்தாட்சி போதாதபோது "இன்னும் தெரியாது" என்று தொடுகின்ற பிள்ளைக்கும் மார்க் கொடுங்கள். தப்பு செய்தால் சிவப்புக்கோடு வேண்டாம். அத்தாட்சியைத் திரும்பக் காட்டுங்கள்.

ராஜா வேஷம் மாத்திரம் எதற்கு? கீழடி மண்ணில் நூல் நூற்ற தக்களியும், ஆதன் என்று பெயர் கீறிய பானையோடும் கிடைத்திருக்கின்றன. பாடுபட்டவர்களின் சரித்திரம் அது.

நிற்க. "நம்முடைய பழமை" என்பதற்காகக் கேள்வியில்லாமல் கைதட்டச் செய்வதும் புராணமே என்பதை நம்மவர்களுக்கும் சொல்லிக்கொள்ளுகின்றோம்.

இன்னொன்று. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை, தகப்பனாரின் பழைய கைப்பேசியோடு வரும். அதனிடம் புதுக் கருவி வேண்டும், இங்கிலீஷ் தெரியவேண்டும், பெயரும் போன் நம்பரும் கொடுக்கவேண்டும் என்றால், வாசற்படியில் நிறுத்திவைக்கின்ற பழைய வழக்கம்தானே அது? ஆகவே விளையாட்டு தமிழில் இருக்கட்டும், லேசாக இருக்கட்டும், எந்த விபரமும் கேளாமல் திறக்கட்டும்.

காட்சிசாலையை விட்டு வெளியே வருகின்ற பிள்ளை, "எனக்கு எத்தனை மார்க் தெரியுமா?" என்று சொல்லுவதைவிட, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று நம்மையே கேட்குமானால், அதுதான் விளையாட்டின் வெற்றி என்போம்.