பழைய ஸ்டீரியோவா? பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்!

நாற்பது, ஐம்பது வருஷத்துப் பழைய ஸ்டீரியோ ரிசீவருக்கு இப்போது ஏகக் கிராக்கி! (டெலிபோன் ரிசீவர் அல்ல. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் செட்.) மராண்ட்ஸ், பயனியர், சான்சுயி என்று பெயரைச் சொன்னாலே சிலருக்குக் கண் கலங்குகிறது.

"செல்போனில் கேட்காத பாட்டா? இதென்ன பைத்தியம்?" என்று வீட்டில் திட்டு விழுகிறது.

பைத்தியம் இல்லை, காரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் கம்பெனிகள் விளம்பரத்தில் இஷ்டத்துக்கு 'வாட்' அளந்தன. 1974-ல் அந்த நாட்டு வர்த்தகக் கமிஷன் கடிவாளம் போட்டது. இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது தொடர்ந்து தரும் சக்தி எவ்வளவோ, அதைத்தான் சொல்ல வேண்டும்! அப்புறம் என்ன? பெரிய டிரான்ஸ்பார்மரைப் போட்டால்தான் பெரிய வாட் என்றாகிவிட்டது. 1978-ல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்.1980 செட்டுக்கு சேனலுக்கு 270 வாட். எடை சுமார் 35 கிலோ. அரிசி மூட்டை தோற்றது, போங்கள்!

பின்னாளில் நம்ம கடைவீதியில் 'பி.எம்.பி.ஓ. ஆயிரம் வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, அந்த பிளாஸ்டிக் டப்பாக்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: பழைய செட்டின் மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு பாகமும் கைக்கு எட்டும். கெட்டதை மட்டும் மாற்றலாம். இன்றைய செட்டில் ஒரு 'சிப்' போனால் "போர்டையே மாத்தணும் சார்" என்கிறார்கள்.

230-ல் சொருகினால்...

இந்த ஆசையில்தான் புரோக்கர் புகுந்துவிட்டார். வெளியே பாலிஷ் போட்டு, டயல் விளக்கை எரியவிட்டு, "புதுசு மாதிரி இருக்கு சார்" என்கிறார். உள்ளே கண்டென்சர் காய்ந்து கிடக்கும். வால்யூமைத் திருகினால் கரகர!

ஜப்பான் உள்ளூர் செட் 100 வோல்ட்டில் ஓடுவது. அமெரிக்க செட் 120. நம்ம 230-ல் நேராகச் சொருகினால் பாட்டு வராது, புகைதான் வரும். வெளிநாட்டுக்கென்று செய்த செட்டுகள் சிலவற்றில் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

ஜப்பான்காரர்களின் பழைய எப்.எம். டயல் 76-ல் தொடங்கி 90-ல் முடிந்துவிடும். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3. எங்கே பிடிப்பது?

மெக்கானிக்கிடம் பேரமா?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புரோக்கருக்கு ஆயிரமாயிரமாக எண்ணிக் கொடுக்கிறவர், மெக்கானிக் இருநூறு, முந்நூறு கூடக் கேட்டால், "கண்டென்சர் மாத்த இவ்வளவா?" என்று இழுக்கிறார். ரிச்சி தெருப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. பையன்கள் செல்போன் ரிப்பேருக்குப் போய்விட்டார்கள். போகமாட்டார்களா? அதில் கையில் காசு நிற்கிறதே! இவர்களும் கடையைச் சாத்திவிட்டால் உங்கள் மராண்ட்ஸ், பூச்சட்டி வைக்கத்தான் ஆகும்.

அப்பா வாங்கிய செட்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறவர்களும் உண்டு. அவருக்கு வேண்டியது டிரான்ஸ்பார்மரில் இருக்கும் செம்பு. மீட்டரும் குமிழும் குப்பைக்குப் போகும். அந்தக் குமிழுக்குத்தான் இன்னொருவர் ஊரெல்லாம் அலைகிறார்!

வாங்கப் போகிறீர்களா? அரை மணி நேரமாவது ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கரிலும் கேளுங்கள். மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள். அவருக்கு ஆட்டோ சார்ஜையும் நீங்களே கொடுத்துவிடுங்கள், சார்!