பேஸ் கிட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?

போன மாதம் எங்கள் விடுதியில் ஒரு விசாரணைக் கமிஷன் கூடியது. குற்றவாளி, கல்லூரி பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பன். செய்த குற்றம் இதுதான்: இனிமேல் பேண்டில் வாசிக்கப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை சபையில் மட்டும்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டான். சொந்தமாக நாலைந்து பாட்டு எழுதி மெட்டும் போட்டு வைத்திருக்கிறானாம். எல்லாமே இயேசுவைப் பற்றி.

"என்னடா, அல்லேலூயா பார்ட்டில சேந்துட்டியாமே?" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். "எவ்ளோ குடுத்தாங்க மச்சி?" என்றான் அடுத்தவன். "மெட்டாலிக்கா வாசிச்ச கை, இனிமே ஸ்தோத்திரம் வாசிக்கப் போவுது" என்றான் மூன்றாமவன். அந்த மூன்றாமவன் நான்தான். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் மெஸ்ஸில் எங்கள் டேபிளுக்கு வருவதில்லை.

அந்த 'எவ்ளோ குடுத்தாங்க' மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கல்ச்சுரல்ஸ் கல்ச்சுரல்ஸாக, கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் அன்ரிசர்வ்ட் பெட்டியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தானே, அப்போது யாரும் அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. (கொடுத்திருந்தால்தானே கேட்பதற்கு!)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. வீடு ஸ்ரீரங்கம். மார்கழி வந்தால் விடிவதற்குள் எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே 'நீயும் அந்த குரூப்பா?' என்ற கேள்வியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இந்த மாதிரி விசாரணை நடப்பது இது முதல் தடவை இல்லை. அமெரிக்காவில் ரிக் கூஆ என்று ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட் இருக்கிறார். 'தி அவுட்லாஸ்' என்ற சதர்ன் ராக் பேண்டில் வாசித்தவர். 1980-ல் வந்த அவர்களுடைய 'கோஸ்ட் ரைடர்ஸ்' ஆல்பத்தில் பேஸ் இவருடையது. பேண்டில் இருக்கும்போதே 1982-ல் கிறிஸ்தவப் பாடல்களாக ஒரு தனி ஆல்பம் போட்டார். தலைப்பு 'கூ-ஆ'. அவர் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டுமோ அதையே தலைப்பாக வைத்துவிட்டார். அடுத்த வருடம் பேண்டை விட்டு வெளியே வந்து முழுநேரமாக அந்தப் பக்கமே போனார். கவனியுங்கள், பேஸ் வாசிக்கிறவர்! மேடையில் யாருமே பார்க்காத ஆள். பேஸ் நின்றுபோனால்தான் 'என்னவோ குறையுதே' என்று தோன்றும். அந்த ஆள் முன்னால் வந்து மைக்கைப் பிடித்துத் தன் பெயரில் பாடினார், அதுவும் இந்தப் பாட்டை. எனக்கு அந்த தைரியம் பிடித்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இவரைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. ராக் ரசிகர்களுக்கு இவர்கள் பிரசங்கிகள். பிரசங்கிகளுக்கோ இவர்கள் சாத்தானின் ஏஜெண்டுகள். ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற பிரபல டி.வி. பிரசங்கியார், கிறிஸ்தவ ராக்கை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று திட்டி 1987-ல் ஒரு புத்தகமே போட்டார். வார்த்தைகள் பக்தியாக இருந்தாலும் டிரம்ஸும் டிஸ்டார்ஷனும் பிசாசுடையதாம். வயரிலும் மரத்திலும் எப்படிப் பிசாசு ஏறும் என்று அவர்தான் விளக்கியிருக்க வேண்டும்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். நம் ஊரில் என்ன வாழ்கிறதாம்?

2018 ஆகஸ்டை ஞாபகப்படுத்துகிறேன். 'இயேசுவின் சங்கம சங்கீதம்' என்று சென்னையில் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு ஆனது. பாட வேண்டியவர் ஓ.எஸ்.அருண். போஸ்டர் வெளியே வந்ததுதான் தாமதம், போனிலும் ஃபேஸ்புக்கிலும் மிரட்டல், வசவு. கர்நாடக சங்கீதம் இந்து தெய்வங்களுக்கே சொந்தமாம், அதில் இயேசுவைப் பாடுவது திருட்டாம், துரோகமாம். அருண் அந்தக் கச்சேரியிலிருந்து விலகிக்கொண்டார். முன்பு எப்போதோ கிறிஸ்தவப் பாட்டு பாடிய மற்ற பாடகர்களும் இழுக்கப்பட்டார்கள். டி.எம்.கிருஷ்ணா மட்டும், இனி மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று அறிவித்தார். அதற்கும் வசவுதான்.

எங்கள் விடுதிக் கமிஷனுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் மிரட்டினார்கள், நாங்கள் கிண்டல் அடித்தோம். அளவில்தான் வித்தியாசம். 'இந்த வாத்தியம், இந்த ராகம் எங்களுடையது. நீ இதை எடுத்துக்கொண்டு அங்கே போகக்கூடாது' என்பதுதான் இரண்டுக்கும் அடியில் இருக்கிற எண்ணம்.

எங்களுடையது என்றால் எப்போதிலிருந்து?

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இருக்கிறதே, அது யார் வீட்டுச் சொத்து? ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாலுஸ்வாமி தீட்சிதர். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். அதில் ஒன்றின் மெட்டு சாட்சாத் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதம். ராஜாவுக்கான மெட்டில் அம்பாளை உட்கார வைத்தார் மனிதர்! லண்டனிலிருந்து யாரும் வந்து 'எங்கள் மெட்டைத் திருடிவிட்டார்' என்று போஸ்டர் ஒட்டவில்லை. இன்றைக்கும் பாட்டு வகுப்புகளில் குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எங்கள் ஸ்ரீரங்கத்துக்கே வருகிறேன். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் பிறந்த முஸ்லிம். ரங்கநாதர் மேல் இருந்த பிரியத்தில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, இங்கேயே நாதஸ்வரப் பள்ளி நடத்தி, 1999-ல் இங்கேயே காலமானவர். அதற்கு முந்தைய வருடம்தான் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. எங்கள் தாத்தா தலைமுறை அவரைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும், அவ்வளவு பெருமை. அப்படியிருக்க, எனக்கு ஒரு கேள்வி. தொழுகிற மனிதர் ராமனை வாசித்தால் அது மத நல்லிணக்கம், நமக்குப் பெருமை. ராமனைக் கும்பிடுகிற மனிதர் இயேசுவைப் பாடினால் மட்டும் எப்படி துரோகம்? நம் வாசல் உள்ளே வருவதற்கு மட்டும்தான் திறக்குமா?

இதைவிட நுணுக்கமான கேஸ் மாயூரம் வேதநாயகம் பிள்ளையுடையது. பள்ளிக்கூடத்தில் 'பிரதாப முதலியார் சரித்திரம், தமிழின் முதல் நாவல், 1879' என்று ஒரு மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோனோமே, அவரேதான். நம் திருச்சி பக்கத்துக் குளத்தூரில் 1826-ல் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்று ராகம் தாளத்தோடு நிறையப் பாட்டுகள் எழுதியிருக்கிறார். பஞ்ச காலத்தில் அவர் செய்த உதவியைப் பார்த்து, நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேலேயே ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவ முன்சீப்பைப் பாடியிருக்கிறார், பத்தொன்பதாம் நூற்றாண்டில்!

வேதநாயகம் பிள்ளையின் பாட்டுகளை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள், யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஏன் தெரியுமா? தலைப்பிலேயே சமரசம் இருக்கிறதே. எந்த மதத்துக்காரரும் தன் கடவுளைப் பாடுவதாக எடுத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இயேசுவின் பெயரைச் சொல்லியே ராகத்தில் எழுதினார். அவர் 1864-ல் போய்ச் சேர்ந்தார், பாட்டுகள் சர்ச்சோடு நின்றுவிட்டன. 'கருணாமிர்த சாகரம்' என்று தமிழிசைக்கே பெரிய ஆராய்ச்சி நூலை 1917-ல் கொண்டுவந்த ஆபிரகாம் பண்டிதரின் ஆராய்ச்சியை மேற்கோள் காட்டுவோம், அவர் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகளை சபாவில் யார் பாடுகிறார்கள்? ஆக, ஆள் கிறிஸ்தவராக இருக்கலாம், பாட்டில் கிறிஸ்து வரக்கூடாது. இதற்குப் பெயர் சமரசம் என்றால், அந்தச் சமரசத்தின் மீது எனக்குச் சந்தேகம் வருகிறது.

"அதெல்லாம் சரிப்பா, அவங்க மதம் மாத்தறதுக்குத்தான் பாடறாங்க" என்பார்கள். இதை மழுப்ப வேண்டாம். ஆமாம், என் நண்பன் பாடினால் கேட்கிறவர்கள் இயேசுவிடம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பாடுவான். ஆழ்வார்களும் நாயன்மார்களும் எதற்குப் பாடினார்களாம்? சமணமும் பௌத்தமும் செல்வாக்காக இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடி ஜனங்களைத் தங்கள் பக்கம் இழுத்தவர்கள்தானே. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்தில் புத்தருடைய பொன் சிலையைக் கவர்ந்து வந்து திருவரங்கத்தில் மதில் கட்டினார் என்று வைணவர்களே கதை சொல்லி ரசிக்கிறோம். பக்திப் பாட்டு என்றாலே 'என் சாமியிடம் வா' என்று கூப்பிடுகிற பாட்டுதான். போவதும் போகாததும் கேட்கிறவன் இஷ்டம். திருப்பாவை கேட்டு வளர்ந்த நான் இவன் பாட்டை ஒரு தடவை கேட்டதற்கே கவிழ்ந்துவிடுவேன் என்றால், குறை என்னிடம்தான்.

2018-ல் சொன்ன குற்றச்சாட்டில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். தியாகராஜருடைய கீர்த்தனையை எடுத்து, ராமா இருக்கிற இடத்தில் வேறு பெயரைப் போட்டுப் பாடினால் அது மட்டமான வேலை. பாவம் என்பதால் அல்ல, சோம்பேறித்தனம் என்பதால். தீட்சிதர் மெட்டைத்தான் எடுத்தார், வார்த்தை முழுக்க அவருடையது. உனக்கு பக்தி இருந்தால் உட்கார்ந்து எழுது. சாஸ்திரியார் எழுதவில்லையா?

சபைக்காரர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது, அவர்களை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நமட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு யூட்யூபில் தமிழ் கிறிஸ்தவப் பாட்டுகளாகக் கேட்டுத் தள்ளினேன். பாதிக்கு மேல் ஒரே பாட்டு! அதே நாலு கார்டு, அதே கீபோர்டு மிதப்பு, கடைசியில் ஸ்கேல் ஏற்றி அதே வரியைப் பத்து தடவை. ஆஸ்திரேலியாவில் ஹில்சாங் போட்ட சத்தத்தை அப்படியே தமிழில் உரித்து வைத்தது போல சில. பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இதே மண்ணில்தான் பாதிரியார்கள் 1977-ல் கலைக் காவிரியைத் தொடங்கி பரதநாட்டியமும் கர்நாடக சங்கீதமும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 2005-ல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்துக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்து இசையமைத்தபோது அதைக் கொண்டுவர ஓடியாடியவர் ஜெகத் கஸ்பர் ராஜ், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். (எங்கள் ராஜகோபுரத்தின் ஒரு நிலைக்குப் பணம் கொடுத்ததும் இதே இளையராஜாதான்.) இவ்வளவு சரக்கு பக்கத்தில் இருக்க, சபை மேடையில் மட்டும் ஏன் இந்த வறட்சி?

பதில் ஓரளவுக்கு எனக்கே தெரிந்தது. போன வாரம் வெட்கத்தை விட்டு அவன் ரூமுக்குப் போனேன். சாரி எல்லாம் கேட்கவில்லை, பசங்களுக்குள் அது வழக்கமில்லை. "பாட்டு எங்கடா, போடு" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஆம்ப்பைப் போட்டான். முதல் பாட்டு சுமார்தான், நான் சொன்ன அதே நாலு கார்டு. இரண்டாவது பாட்டு வேறு. பாட்டு முழுவதையும் பேஸ் கிட்டாரே இழுத்துக்கொண்டு போகிறது, மேலே அவன் குரல் மட்டும். வார்த்தை பைபிளில் பேதுரு மறுதலிக்கிற இடம், சேவல் கூவுவதற்கு முன்னால். அந்த இடம் வரும்போது பேஸ் சட்டென்று நின்றுவிடுகிறது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

"இதத்தான் சண்டே வாசிக்கப் போறியா?"

"இல்லடா. இது ரொம்ப ராக்கா இருக்காம். பெரியவங்க யோசிக்கறாங்க. மொதல் பாட்டு போதும்னுட்டாங்க."

பாருங்கள், நாங்கள் ஹாஸ்டலில் 'நீ ராக் இல்லை' என்று துரத்தினோம், அங்கே 'நீ ரொம்ப ராக்' என்கிறார்கள். நல்ல பாட்டு நடுவில் ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. கல்லூரி விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. லைட் மியூசிக் போட்டியில் 'சொந்தப் பாடல்' என்று ஒரு பிரிவு உண்டு, எந்தச் சாமியைப் பற்றிப் பாட வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன். அந்த இரண்டாவது பாட்டுக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. டிரம்ஸுக்கு ஆள் வேண்டாம், ஆம்ப் தூக்க ஒரு ஆள் வேண்டும். அது நான் பார்த்துக்கொள்கிறேன்.