கோச்சை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்

"புது கோச் வந்துட்டாரு, இனிமே பாருங்க." தாம்பரத்தை ஒட்டிய மாடம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் கால்பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். 2019-ல் இகோர் ஸ்டிமாச் இந்திய அணிக்கு வந்தபோது சொன்னார்கள். 1998 உலகக்கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர், சும்மாவா என்றார்கள். 2024 ஜூனில் அவரை நீக்கி, அடுத்த மாதமே மனோலோ மார்க்கேஸை நியமித்தபோது, நம் லீக்கை உள்ளங்கை ரேகைபோல் அறிந்தவர் என்றார்கள். ஓராண்டுகூட முழுதாக ஓடவில்லை. 2025 ஜூலையில் அவரும் விலகினார். ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீல் பெயர் வந்ததும் கொண்டாட்டம் இன்னும் பெரிதாக இருந்தது. 170 பேர் விண்ணப்பித்து, மூவர் இறுதிப் பட்டியலில் நின்று, 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியர் அந்த இடத்துக்கு வந்திருந்தார்.

காலித் ஜமீல்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் வந்ததும் மத்திய ஆசியக் கூட்டமைப்பின் நேஷன்ஸ் கோப்பையில் ஓமனை வீழ்த்தி இந்தியா மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 14 அன்று, சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்ற மறுநாளே, "இவரும் சரிப்பட மாட்டாரு" என்று பேச்சு மாறிவிட்டது. அவரை இரண்டு மாதத்துக்கு முன் மீட்பராகத் தூக்கியதும் தவறு, இரண்டு மாதத்தில் கீழே போட்டதும் தவறு. இரண்டும் ஒரே மூடநம்பிக்கையிலிருந்து பிறந்தவை. தலைமைப் பயிற்சியாளர் என்கிற ஒற்றை மனிதர்தான் ஓர் அணியின் தலையெழுத்தை எழுதுகிறார் என்கிற நம்பிக்கை அது. அது பொய்யானது மட்டுமல்ல, நம் கால்பந்துக்குக் கேடும் கூட.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நேரு ஸ்டேடியம். 2017-18 சீசனில் ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயர் அங்கே ஆடிய சென்னையின் எஃப்.சி.யை இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியனாக்கினார். அடுத்த சீசனில் அதே கிரிகரி, பெரும்பாலும் அதே அணி. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். பன்னிரண்டே மாதத்தில் அந்த மனிதருக்கு ஆட்டம் மறந்துவிட்டதா? கோப்பைக்கான புகழ் முழுவதையும் அவருக்குக் கொடுத்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிலர் வீரர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்பார்கள், சிலர் காயங்களைச் சொல்வார்கள், சிலர் எதிரணிகள் நம் ஆட்டத்தைப் படித்துவிட்டன என்பார்கள். எல்லாமே சரிதான். அப்படியானால் வெற்றிக்கும் அதே போலப் பல காரணங்கள் இருந்திருக்கும் அல்லவா?

இங்கே எதிர்த்தரப்பார் ஓவன் கோய்லின் பெயரை எடுப்பார்கள். எடுக்கவேண்டிய பெயர்தான். 2019-20 சீசனின் முதல் 4 ஆட்டங்களில் சென்னையின் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 6 ஆட்டங்களுக்குப் பிறகு கிரிகரி விலகினார், டிசம்பரில் கோய்ல் வந்தார், கடைசி இடத்துக்கு அருகில் கிடந்த அணி இறுதிப் போட்டிவரை போனது. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள். அந்த அணியில் நெரியுஸ் வல்ஸ்கிஸ் இருந்தார். அந்த சீசனில் 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கியவர். ரஃபேல் கிரிவெல்லாரோ, லல்லியன்சுவாலா சாங்தே, அனிருத் தாப்பா எல்லோரும் இருந்தார்கள். இப்படிப்பட்ட அணி நிரந்தரமாகக் கோல் அடிக்காமல் இருந்திருக்காது. கோய்ல் நல்ல பயிற்சியாளர், அணியின் கட்டை அவிழ்த்துவிட்டார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே கோய்ல் 2023-ல் மறுபடி சென்னைக்கு வந்தார். 2024-25 சீசனில் 13 அணிகளில் சென்னையின் 11-ஆம் இடம். அவரும் போனார், கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார், "இனிமே பாருங்க" மறுபடி தொடங்கியது.

அணி பாதாளத்தில் இருக்கும்போதுதான் கோச்சை நீக்குவார்கள். பாதாளத்திலிருந்து அடுத்த நகர்வு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் இருக்கும், யார் வந்தாலும், யாருமே மாறாவிட்டாலும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் அந்நாட்டு முதல்நிலை லீக்கின் பல ஆண்டு ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்தார். சரிவின்போது பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே போன்ற சரிவில் மாற்றாமல் பொறுத்த அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் மீண்டன. அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் கோச் நியமனம் திருவிழாபோல நடக்கும் (அங்கே ஆடுவது வேறு வகை ஃபுட்பால்). அங்கும் மூன்று ஆய்வாளர்கள் இதே கேள்வியை எடுத்தார்கள். மிக மோசமாக ஆடிய அணிகளுக்குப் புதிய கோச்சால் பெரிய பலன் இல்லை. சுமாராக ஆடிக்கொண்டிருந்த அணிகளோ, மாற்றாமல் விட்ட அணிகளைவிடப் பின்தங்கின. இந்த ஆய்வு வெளிவந்த பிறகும் 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிவைக்க ஏறத்தாழ 7.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. நம் காசில் 600 கோடி ரூபாய்க்கு மேல். நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று பாருங்கள்.

"ஐஸ்வால் எஃப்.சி.?" என்று கேட்கலாம். 2016-17-ல் காலித் ஜமீல் அந்தச் சின்ன கிளப்பை ஐ-லீக் சாம்பியனாக்கியது நிஜமான சாதனை. ஆனால் அது ஐஸ்வாலில் நடந்தது என்பதை ஏன் மறக்கிறோம்? மிசோரம் 2012-ல் சொந்தமாக ஒரு பிரீமியர் லீக் தொடங்கியது. 2014-ல் சந்தோஷ் டிராபி வென்றது. தெருவுக்குத் தெரு ஆடுகிற மாநிலத்தில் ஒரு நல்ல கோச் வந்து நின்றார். இந்தியாவின் பொற்காலக் கோச் சையத் அப்துல் ரஹீமும் அப்படித்தான். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர், ஹைதராபாத்தில் சிறுவர் முதல் போலீஸ் அணிவரை ஆட்களை உருவாக்கியவர், இந்திய அணியோடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தவர். அவரைப் பதினோரு மாதத்தில் மாற்றியிருந்தால் மெல்போர்ன் ஏது?

இப்போதைய நிலைக்கு ஓர் உதாரணம் போதும். ஓய்வு பெற்றுவிட்ட சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைத்தோம். கோல் அடிக்க ஆள் இல்லை. ஸ்ட்ரைக்கர் பத்து வயதில் உருவாகத் தொடங்க வேண்டியவர். மூன்று வாரப் பயிற்சி முகாமில் எந்த நாட்டுக் கோச்சாலும் ஒருவரைச் செய்துதர முடியாது.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளும் இதே நோயில்தான் இருக்கின்றன. புது கோச் வந்தால் பேனர் வைக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் 18 வயதுப் பையன்களை டிரையல்ஸ் வைத்து எடுக்கிறார்கள். பந்தை முதல் தொடுதலில் அடக்கத் தெரியாமல் வருகிற பையனுக்கு அந்த வயதில் யார் என்ன செய்வது? அதைச் சொல்லித்தந்திருக்க வேண்டியவர் ஆறாம் வகுப்பு பி.டி. மாஸ்டர். அந்தப் பி.டி. மாஸ்டர் யார்? 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தையல் எனப் பல பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டு போராடி 2024-ல் அது 12,500 ஆனது. ஸ்டிமாச்சை இடையில் நீக்கியதற்காக இந்தியக் கால்பந்து சம்மேளனம் இழப்பீடாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது 4 லட்சம் டாலர். அந்தப் பணத்தில், 2024 சம்பளக் கணக்குப்படி, ஒரு பகுதிநேர உடற்கல்வி ஆசிரியருக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கலாம். எந்தக் கோச்சைப் பற்றி நாம் ராத்திரி பகலாகச் சண்டை போடுகிறோம், எந்தக் கோச்சின் பெயரே நமக்குத் தெரியாது என்று யோசிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடிமட்டத்தில் ஆள் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கடலூர் இருக்கிறது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள். அங்கே பள்ளிப் பருவத்திலேயே சிறுமிகளுக்குப் பந்து கொடுத்து வருடக்கணக்கில் கூடவே நின்றவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். எந்த வெளிநாட்டுக் கோச்சும் பறந்து வந்து அதைச் செய்யவில்லை.

கோச் மோகத்தால் லாபம் அடைவது நிர்வாகிகள்தான். தோல்விக்குப் பிறகு ஒருவரை நீக்கி இன்னொருவரை மேடையேற்றினால் ஆறு மாதத்துக்கு யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடர் தேதியே இல்லாமல் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு போன்ற கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. அந்த வாரங்களிலும் நாம் ஆவேசமாக விவாதித்தது தேசிய அணிக்கு அடுத்த கோச் யார் என்பதைத்தான்.

மாடம்பாக்கத்தில் நானே பார்த்துவருவது இது: பையன்கள் காலி மனையில் ஆடுகிறார்கள். அஸ்திவாரம் தோண்டியதும் அடுத்த மனைக்குப் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் மணிக்கணக்கு வாடகைக்கு டர்ஃப் எடுக்கிறார்கள். ஆனால் 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ஒவ்வொன்றும் சாலைகள் போக உள்ள நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஓ.எஸ்.ஆர். என்று பொது வெளிக்கு உள்ளாட்சியிடம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் ஆடும் கால்பந்துக்கு 40-க்கு 20 மீட்டர், 800 சதுர மீட்டர் போதும். 2021-ல் மாடம்பாக்கம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் அந்த நிலங்களின் கணக்கு இப்போது மாநகராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். எத்தனை மனைப்பிரிவு, எத்தனை இடம், எது பூட்டிக் கிடக்கிறது, எதில் குப்பை கொட்டுகிறார்கள், எதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம் என்ற பட்டியலை அடுத்த வார்டு கூட்டத்தில் கால்பந்து பிடித்த அத்தனை பேரும் எழுந்து நின்று கேட்போம்.