கைக்கு எட்டுகிறதா லீவர்?

பைக் ஓட்டும் பெண்கள் சிலர், "டாக்டர், மணிக்கட்டு விட்டுப் போகுது, தைலம் கொடுங்க" என்று வருகிறார்கள். தைலம் இருக்கட்டும், முதலில் வண்டியின் லீவரைப் பாருங்கள். சின்னக் கைக்கு எட்டாத லீவரை விரல் நுனியால்தான் இழுக்க முடியும். நுனியில் பலம் ஏது? அவசரத்துக்கு பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாச்சே!

கைப்பிடியைப் பற்றியபடியே, விரலின் நுனி மூட்டு லீவரில் படிய வேண்டும். எட்டவில்லையா? தூரத்தைக் குறைக்கும் திருகு வைத்த லீவரை, உங்கள் வண்டி மாடலுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். நீளம் குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். அழுத்த அதிக பலம் கேட்கும். மாட்டியதும், முழுக்க அழுத்தினாலும் பிரேக் லீவர் கைப்பிடியில் இடிக்காதபடி மெக்கானிக்கிடம் சரிபாருங்கள்.

செருப்புக்கு அளவு பார்க்கிறோம். உயிர் காக்கும் லீவருக்குப் பார்க்க வேண்டாமா?