பலகையைப் பாருங்கள்!

கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் ஒரு கம்பெனி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியானவரின் நெல்லைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு அது மறைந்துவிட்டால், பாக்கியைக் கேட்க அவர் எந்தக் கதவைத் தட்டுவது?

இதற்காகவே 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் 12-வது பிரிவு இருக்கிறது. பதிவான 30 நாளுக்குள், நோட்டீஸ்களைப் பெற்று ஒப்புக்கொள்ளக்கூடிய பதிவு அலுவலகம் ஒன்று ஏற்பட்டாக வேண்டும். இடம் மாறினால் 30 நாளுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 1 லட்சம் வரையில் அபராதம். அமெரிக்க ராஜ்யங்களிலோ, இதே காரியத்துக்கு உள்ளூர் விலாசமுள்ள ஏஜெண்டு ஒருவரை நியமித்தாக வேண்டும்.

நம் மனத்தைக் கவர்ந்தது அதே பிரிவின் மற்றொரு விதி. கம்பெனி தொழில் நடத்தும் ஒவ்வோர் இடத்திலும், பெயரும் பதிவு அலுவலக விலாசமும் அவ்விடத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும் வெளியே தெரிய வேண்டும். 'ஏ' எழுத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். அவ்வூர்ப் பலகையில் தமிழ் இல்லாமற் போகலாமா?

நேயர்களே, பலகையைப் படித்த பிறகு மூட்டையை இறக்குங்கள்!