குப்பை இரும்பையில், சர்டிஃபிகேட் வேறெங்கோ: கம்பெனிகளின் பிளாஸ்டிக் கணக்கு எப்படி டேலி ஆகிறது?

விழுப்புரம் மாவட்டம் இரும்பையில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் சரம் சரமாக ஷாம்பு சாஷே. கிழித்தால் ஒரு குளியல், அவ்ளோதான். காலி சாஷேவுக்குப் பொறுப்பு யார்? கம்பெனிதான் என்கிறது சட்டம். கணக்குப்படி அந்தக் கம்பெனி தன் கடமையை முடித்தும் இருக்கலாம். ஆனா சாஷே ஊரிலேயே கிடக்கும். எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று ஒன்று உண்டு. சுருக்கமாக இ.பி.ஆர். சிம்பிளா சொன்னால், பிளாஸ்டிக்கை சந்தைக்கு அனுப்புபவர்தான் அதைத் திரும்பப் பெறுவதற்கும் செலவழிக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் இதற்கு டார்கெட் நிர்ணயித்தது மத்திய அரசு. பாட்டில், டப்பா போன்ற கெட்டி பிளாஸ்டிக்கில் 2024-25-ல் 50% மறுசுழற்சி ஆக வேண்டும், 2027-28-ல் 80%. சாஷே, கவர், சிப்ஸ் பாக்கெட் வகைகளுக்கு 30%-ல் தொடங்கி 60%.

ஓட்டை எங்கே?

கம்பெனி நேரடியாகக் குப்பை சேகரிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். கணக்கு டன்னில்தான். இரும்பையில் விற்றதை இரும்பையிலேயே எடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. எடுக்க எங்கே சுலபமோ, அங்கே எடுத்தாலே கணக்கு நேராகிவிடும்.

அந்தக் கணக்கும் சுத்தமில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-ல் தணிக்கை செய்தபோது, சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் சிக்கின. ஆனால் போலிகளை முழுசா ஒழித்தாலும் இரும்பையின் சாஷே அங்கேயேதான் இருக்கும். பெட் பாட்டிலுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. சாஷேவை எடைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் அதை யாரும் பொறுக்குவதும் இல்லை.

கடைசியில் அள்ளுவது ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள். அவர்களின் சம்பளம் பொதுப்பணம். கம்பெனி விரும்பினால் ஊராட்சியோடு ஒப்பந்தம் போடலாம், கட்டாயம் இல்லை.

இந்தக் கடற்கரைக்கு ஏன் முக்கியம்?

வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மரக்காணம் அருகே அது கடலைத் தொடுகிறது. அந்தப் பக்கம்தான் உப்பளங்கள். மழைநீர் இழுத்து வரும் பிளாஸ்டிக் உடைந்து துகளாகும். கடையில் விற்கும் கடல் உப்பு பிராண்டுகளில் மைக்ரோபிளாஸ்டிக் இருப்பதை ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் 2018-லேயே காட்டினார்கள்.

வேற வழி இருக்கா?

தமிழ்நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. இன்னொரு உப்பள ஊரான தூத்துக்குடியில், சுப்பையா வித்யாலயம் பள்ளி மாணவிகள் 2018-ல் 20,000-க்கும் மேற்பட்ட ரேப்பர்களைச் சேர்த்தார்கள். எந்த பிராண்ட் எத்தனை என்று எண்ணி, பிரிட்டானியா உள்ளிட்ட கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். சான்றிதழில் இல்லாத இரண்டு தகவல்கள் அந்தப் பார்சலில் இருந்தன: ஊர் பெயர், பிராண்ட் பெயர்.

அடுத்தது நீலகிரி. சென்னை உயர் நீதிமன்றத் தலையீட்டால் 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. பிற்பாடு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. காலி பாட்டிலுக்கு ஒரு விலை வைத்ததும், அது காட்டுக்குப் போகாமல் கடைக்குத் திரும்புகிறது.

கண்ணாடி பாட்டிலையும் சாஷேவையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஒவ்வொரு சாஷேவுக்கும் டெபாசிட் என்பது நடைமுறைக்குக் கஷ்டம். ஆனால் சான்றிதழில் மாவட்டத்தின் பெயரைக் கட்டாயமாக்கலாம். விற்ற மாவட்டத்திலேயே ஒரு பங்கையாவது எடுக்கச் சொல்லலாம். அள்ளும் ஊராட்சிக்கு அந்தப் பணம் போக வழி செய்யலாம்.

டன் கணக்கு டெல்லிக்குப் போதும். இரும்பைக்கு ஊர்க்கணக்கு வேண்டும்.